கரடி அண்ணாச்சி கட்டிய மண்டபம்

மலையடிவாரக் காட்டில் ஒரு கரடி கடை வைத்திருந்தார். அவர் பெயர் கருமலை. அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. முயல் முதல் யானை வரை எல்லாருக்கும் அவர் ‘அண்ணாச்சி’தான்.

கடை என்றால் ஒன்று இல்லை, மூன்று! அருவிப் பக்கம் ஒன்று, ஆலமரத்தடியில் ஒன்று, ஓடைக்கரையில் ஒன்று. தேனடை, இலுப்பைப் பூ, உலர்ந்த நாவல்பழம், முதுகு சொறிய நல்ல சொரசொரப்பான மரப்பட்டை என்று எல்லாம் கிடைக்கும். ஆனாலும் கூட்டம் முண்டியடித்தது ஒரே ஒரு சாமானுக்குத்தான். அது தொங்குகூடை!

தொங்குகூடை கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. அங்கே பசுந்தீவு என்று ஒரு தீவு. அது வேறு நாடு. அந்த நாட்டில் ஆயிரம் தூக்கணாங்குருவிகள் வாழ்ந்தன. தீவின் நடுவில் ஒரு பள்ளம், பள்ளம் நிறைய நீளப்புல். குருவிகள் அந்தப் புல்லை நார் நாராகக் கிழித்து, அலகாலேயே முடிச்சுப் போட்டுக் கூடை பின்னும். அதற்குள் ஒரு பலாப்பழத்தையே வைத்து மரத்தில் தொங்கவிடலாம், அறுந்து விழாது. குரங்குகள் பழத்தோடு நிற்கவில்லை. பெற்ற குட்டியையே உள்ளே போட்டுத் தொங்கவிட்டு, ஊர் சுற்றப் போயின!

கூடைக்குப் பதிலாக அண்ணாச்சி தினை மூட்டை அனுப்புவார். சரக்கை ஏற்றி இறக்கியது கடலாமை திரவியம். அது அவசரப்பட்டு யாரும் பார்த்ததில்லை.

காட்டில் கூடை ஆசை பெருகப் பெருக, அண்ணாச்சிக்குத் தலைகால் புரியவில்லை. திரவியம் கிளம்பும்போதெல்லாம் ஒரே சேதிதான் சொல்லி அனுப்புவார்.

“இன்னும் அனுப்பச் சொல்லு!”

குருவிகளும் அனுப்பின. பிறகு ஒருநாள் கூடை சின்னதாயிற்று. அடுத்த தடவை இன்னும் சின்னதாயிற்று. கடைசியாக வந்த சரக்கில் மூன்றே மூன்று கூடைகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஓர் எலுமிச்சம்பழம் வைக்கலாம். அதுவும் காய்ந்த எலுமிச்சம்பழம்!

“என்ன திரவியம் இது? கூடையா, மூக்குத்திப் பெட்டியா?” என்று கேட்டார் அண்ணாச்சி.

“நான் சுமக்கிறவன் அண்ணாச்சி, பின்னுறவன் இல்ல. கண்ணால பாத்ததைச் சொல்றேன். தீவுல பள்ளம் வெறிச்சோடிக் கெடக்கு. புல்லு கட்டையாப் போச்சு. குருவிங்க முகத்துல சிரிப்பே இல்ல.”

அண்ணாச்சி கெட்டவர் இல்லை. அதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். இதைக் கேட்டதும் அவர் கண் கலங்கிவிட்டது. ஆனால் அவர் காதில் விழுந்தது கடைசி வாக்கியம் மட்டும்தான். புல்லைப் பற்றிச் சொன்னது ஒரு காதில் நுழைந்து மறு காதில் போய்விட்டது.

“பாவம்! வறுமையில வாடுதுங்க! நம்ம கடைக்குப் பின்னிக் கொடுத்த கைங்க... சரி, அலகுங்க! நாம உதவி செய்யணும்!”

“செஞ்சா மட்டும் போதுமா அண்ணாச்சி? நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா?” என்றது மங்களம்.

மங்களம் ஒரு மைனா. கடைக்கு விளம்பரம் சொல்வது அதன் வேலை. மூன்று கடைக்கும் பறந்து பறந்து கத்தும். சாப்பிடும்போது மட்டும் கொஞ்சம் ஓய்வு, நமக்கு!

முதலில் கம்பளிப் போர்வைகள் போயின. “குளிரில் நடுங்கும் குருவிகளுக்கு அண்ணாச்சி போர்வை போர்த்தினார்!” என்று மங்களம் காடு முழுக்கக் கத்தியது. தீவில் நடந்தது வேறு. அங்கே குளிரே கிடையாது. இரண்டு குருவிகள் கம்பளியில் கால் சிக்கி, ஒரு பொழுது முழுக்கத் தலைகீழாகத் தொங்கின.

அடுத்து தேன் ஜாடிகள் போயின. குருவிகள் தேன் குடிக்காது. எறும்புகள் குடிக்கும். தீவில் அதுவரை இல்லாத எறும்புகளெல்லாம் எங்கிருந்தோ வந்து சேர்ந்தன.

“குடுத்தீங்க, வாங்கிக்கிட்டாங்க” என்று மட்டும் சொன்னது திரவியம். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை, அதுவும் சொல்லவில்லை.

“போர்வை கிழிஞ்சு போகும், தேன் தீந்து போகும்” என்று யோசித்தார் அண்ணாச்சி. “காலத்துக்கும் நிக்கிற மாதிரி ஒண்ணு செய்யணும்.”

“மண்டபம்!” என்று கத்தியது மங்களம். “கல்லு மண்டபம்! உங்க பேரு போட்டு!”

அண்ணாச்சிக்குப் புல்லரித்தது. உடனே இருபது பெருச்சாளிகளும் ஆறு காட்டுப்பன்றிகளும் கட்டுமரத்தில் ஏறித் தீவுக்குப் போயின. “ஊருக்கு நடுவுல, மண்ணு இளக்கமா இருக்கிற இடமாப் பாத்துக் கட்டுங்க” என்று சொல்லி அனுப்பினார். அப்படிப்பட்ட இடம் தீவில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அவை தேடிக் கண்டுபிடித்து, அங்கேயே கட்டிவிட்டு வந்தன.

திறப்பு விழாவுக்கு அண்ணாச்சியே நேரில் போவதாக ஏற்பாடு. அவர் கடல் தாண்டுவது அதுதான் முதல் தடவை.

“போறதுக்கு முன்னால ஒரு முழுக்குப் போடுங்க அண்ணாச்சி! உடம்பெல்லாம் தூசியும் துரும்புமா இருக்கு” என்று மங்களம் கெஞ்சியது.

“தண்ணி சில்லுனு இருக்கு. மாலை போட்டா எல்லாம் மறைஞ்சிரும்!” என்றார் அண்ணாச்சி. குளியல் விஷயத்தில் அவர் எப்போதும் அப்படித்தான்.

கட்டுமரத்தைத் திரவியம் இழுக்க, அண்ணாச்சி மேலே உட்கார, அவர் தலைமேல் மங்களம் உட்கார, பயணம் தொடங்கியது. பாதிக் கடலிலேயே அண்ணாச்சிக்குக் குமட்டல் எடுத்தது. ஆனாலும் அக்கரையில் ஆயிரம் குருவிகள் வரிசையாக நின்று பாடப்போவதை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டார்.

கரையில் யாரும் இல்லை.

மண்டபத்துக்குப் போனார். நாலு பக்கமும் ‘கருமலை அண்ணாச்சி அன்பளிப்பு’ என்று செதுக்கியிருந்தது. வாசலில் குறுக்கே கட்டிய பூங்கொடி வாடிப்போயிருந்தது. உள்ளே ஒரே ஒரு நண்டு நின்றது. அதுவும் வெயிலுக்கு ஒதுங்க வந்த நண்டு.

“எல்லாரும் எங்க?” என்று கேட்டார் அண்ணாச்சி.

நண்டு ஒரு கொடுக்கை நீட்டிக் காட்டியது. தூரத்தில், குளக்கரையில், தண்ணீர்ப் பக்கம் சாய்ந்த ஒரு பனைமரம். அதில்தான் தீவே திரண்டிருந்தது.

அண்ணாச்சி மூச்சிரைக்க நடந்து போனார். மரத்தில் ஒரு கூடு தொங்கியது. முழுக் கூடுகூட இல்லை, பாதிதான். பார்க்க ஒரு தொப்பி போல இருந்தது. அதன் பக்கத்தில் பொன்முடி என்ற ஆண்குருவி, மஞ்சள் தலையை ஆட்டிக்கொண்டு பதற்றமாக உட்கார்ந்திருந்தது. கதிராயி என்ற பெண்குருவி கூட்டைச் சோதித்துக்கொண்டிருந்தது. முடிச்சை அலகால் இழுத்தது. கூட்டைப் பிடித்துக்கொண்டு ஊஞ்சல் ஆடியது. உள்ளே உட்கார்ந்தது. எழுந்தது. மறுபடி உட்கார்ந்தது.

“வாசல் மேக்க பாக்குது” என்றது கதிராயி. “மேக்காத்து அடிச்சா மழைத்தண்ணி நேரா முட்டை மேல விழும். பிரிச்சுக் கட்டு.”

பொன்முடி ஒவ்வொரு நாராகப் பிரிக்கத் தொடங்கியது. ஒரு நார்கூடக் கீழே விழாமல் பத்திரமாகப் பிரித்தது.

அண்ணாச்சிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “தம்பி, உனக்குப் பிழைக்கத் தெரியலையே! முழுசாக் கட்டி முடிச்சு, இந்தா பிடின்னு கையில குடுத்திருந்தா, இந்தம்மா வாயைத் திறந்திருக்குமா?”

கதிராயி கீழே பறந்து வந்து, அண்ணாச்சிக்கு எதிரே ஒரு வேரில் உட்கார்ந்தது.

“நீங்க அப்படித்தானே குடுத்தீங்க அண்ணாச்சி?” என்று கேட்டு மண்டபத்தைப் பார்த்தது. “நாங்களும் வாயைத் திறக்கல.”

அண்ணாச்சியின் சிரிப்பு பாதியில் நின்றது.

“எங்க வழக்கம் ஒண்ணு சொல்றேன், கேளுங்க” என்றது கதிராயி. “எங்க ஆம்பளைக் குருவிங்க கூட்டைப் பாதிக்கு மேல கட்ட மாட்டாங்க. பாதி கட்டிட்டுக் கூப்பிடுவாங்க. முட்டை வைக்கப் போறவ வந்து இழுத்துப் பாப்பா, ஆடிப் பாப்பா, உக்காந்து பாப்பா. அவ சரின்னு சொன்னாத்தான் மீதி. இல்லைன்னா பிரிச்சுட்டு மறுபடி. உள்ள குடியிருக்கப் போறவ அவதானே?”

“மண்டபத்துல என்ன குறையம்மா? நல்ல கல்லு!”

“கல்லு நல்ல கல்லுதான். அது எங்க நிக்குது?”

“ஊருக்கு நடுவுல.”

“எங்க புல்லுப் பள்ளத்துல நிக்குது! பள்ளத்தை மண்ணு கொட்டித் தூத்துட்டுல்ல கட்டியிருக்காங்க! நீங்க இன்னும் அனுப்பு, இன்னும் அனுப்புன்னு கேட்டீங்க. நாங்க பூக்க விடாம, விதை பிடிக்க விடாம அறுத்து அறுத்துப் பின்னுனோம். மிச்சம் இருந்த வேரு மேல மண்டபம் ஏறி உக்காந்துருச்சு.” கதிராயி பனைமரத்தை நிமிர்ந்து பார்த்தது. “இந்த மரத்துல வருஷா வருஷம் நூறு கூடு தொங்கும். இப்ப எத்தனை தொங்குது, நீங்களே பாருங்க.”

அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்தார். ஒன்று. அதுவும் பாதி. அந்தப் பாதியையும் பொன்முடி பிரித்துக்கொண்டிருந்தது.

“முட்டை வைக்கிற காலத்துக்கு ரெண்டு மாசந்தான் இருக்கு. அதுக்குள்ள புல்லு வளரலைன்னா கூடு இல்ல. கூடு இல்லைன்னா முட்டை இல்ல. இந்த வருஷம் தீவுல ஒரு குஞ்சு சத்தம்கூடக் கேக்காது அண்ணாச்சி.”

தேன்கூட்டில் தலையை விட்டு மாட்டிக்கொண்டு, காடே கைகொட்டிச் சிரித்தபோதுகூட அண்ணாச்சி வெட்கப்பட்டதில்லை. இப்போது வெட்கப்பட்டார். உள்ளங்கால் வரை வெட்கப்பட்டார்.

“அண்ணாச்சி, இதை எப்படி அறிவிக்கிறது?” என்று காதோரம் கிசுகிசுத்தது மங்களம்.

“நீ கொஞ்சம் வாயை மூடு” என்றார் அவர். பிறகு மெல்லக் கேட்டார்: “ஏம்மா, இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே?”

“நீங்க எப்பக் கேட்டீங்க? வந்ததெல்லாம் சேதிதான், கேள்வி ஒண்ணும் வரலையே! எங்க மேலயும் தப்பு இருக்கு. தினை வருதேன்னு, முடியாதுன்னு சொல்ல வாய் வரல.”

அண்ணாச்சி கழுத்து மாலையைக் கழற்றிக் கீழே வைத்தார். “சரி. இப்பக் கேக்குறேன். நான் என்ன செய்யணும்?”

குருவிகள் கூடிக் கூடிப் பேசின. ஆயிரம் குருவிகள் பேசினால் கேட்க வேண்டுமா! கடைசியில் கதிராயி திரும்பி வந்தது.

“முதல்ல மண்டபத்தை எடுங்க.”

அண்ணாச்சி மண்டபத்தைப் பார்த்தார். நாலு பக்கமும் அவர் பெயர்! ஆனால் எழுந்து போனார். கறையான் புற்றைப் பிளக்கிற நகங்கள் அவருக்கு. முதல் கல்லை அவரே பெயர்த்தார், கடைசிக் கல்லையும் அவரே பெயர்த்தார். கொட்டிய மண்ணை வாரி வெளியே எறிந்தார். எல்லாம் முடிய மூன்று நாள் ஆயிற்று. நண்டு மட்டும் கொஞ்சம் வருத்தப்பட்டது.

பள்ளம் மறுபடி பள்ளமாயிற்று. ஆனால் தோண்டிப் பார்த்தால் வேரெல்லாம் நசுங்கிச் செத்திருந்தது. விதை வேண்டும். தீவில் விதை ஒரு மணிகூட இல்லை. கதிராயி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, களைத்துப் படுத்திருந்த அண்ணாச்சியின் முதுகில் போய் உட்கார்ந்தது.

உட்கார்ந்த குருவி துள்ளி எழுந்தது. அவர் முடியை அலகால் இழுத்தது. இன்னோர் இடத்தில் இழுத்தது. கூட்டைச் சோதிக்கிற அதே கவனத்தோடு அவரை மேலும் கீழும் சோதித்தது.

“அண்ணாச்சி! உங்க ஊர்ல எங்க புல்லு இருக்கா?”

“நீளப்புல்லா? ஓடைக்கரைக் கடைக்குப் பின்னால எக்கச்சக்கமாக் கெடக்கே. பூத்துக் காய்ஞ்சு நிக்கும். சாப்பிட்டதும் அதுலதான் உருளுவேன்.”

“குளிக்கிறது உண்டா?”

அண்ணாச்சி அசடு வழிந்தார். மங்களம் வானத்தைப் பார்த்தது.

“நல்லவேளை!” என்று கத்தியது கதிராயி. “உடம்பு பூரா விதை! எழுந்திரிங்க. அந்தப் பள்ளத்துல போய்ப் புரளுங்க!”

“புரளணுமா? இத்தனை பேர் முன்னாலயா?”

“நீங்கதானே கேட்டீங்க, என்ன செய்யணும்னு?”

மூன்று கடை முதலாளி சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு போய்ப் புரண்டார். இடப்பக்கம் புரண்டார், வலப்பக்கம் புரண்டார், நாலு காலையும் மேலே தூக்கிக்கொண்டு முதுகைத் தேய்த்தார். ஆயிரம் குருவிகளும் விழுந்து விழுந்து சிரித்தன. தீவில் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

“இன்னும் கொஞ்சம் கிழக்க தள்ளி அண்ணாச்சி! அங்கதான் ஏற்கெனவே புரண்டாச்சே!” என்று கதிராயி விரட்டிக்கொண்டே இருந்தது. கடைசியில் அவர் பள்ளத்தின் நடுவிலேயே காலை நீட்டிப் படுத்துவிட்டார்.

கிளம்பும்போது கதிராயி இன்னொன்றும் சொன்னது. “புல்லு பூத்து விதை கொட்டுற வரைக்கும், எங்க குஞ்சுங்க பறக்குற வரைக்கும், கூடை கேக்கக் கூடாது. மத்த மாசத்துல எத்தனை பின்ன முடியும்னு நாங்க சொல்றோம். அதுக்கு மேல ஒண்ணுகூடக் கேக்கக் கூடாது.”

“சரி. கூடை வராத மாசத்துலயும் தினை வரும். பின்னால பின்னப்போற கூடைக்கு முன்னாலயே தந்ததா வச்சுக்கோங்க.” அண்ணாச்சி சற்றுத் தயங்கினார். “இது... இது சரியா? நீங்க பாத்துச் சொன்னாத்தான் முடிவு.”

கதிராயி முதல் தடவையாக அவரைப் பார்த்துச் சிரித்தது. “இழுத்துப் பாத்தேன். அறுந்து போகாது போலதான் இருக்கு.”

ஊருக்குத் திரும்பிய அண்ணாச்சி, கூடை தொங்கிய கொக்கிகளைக் காலியாக விட்டார். குரங்குகள் சண்டைக்கு வந்தன.

“கூடை இல்லாம என்ன கடை? குட்டியை எங்க தொங்கவிடுறது?”

“இடுப்புல வச்சுக்கோ! பெத்தது நீதானே?” என்றார் அண்ணாச்சி. “அங்க குஞ்சு பறந்ததும் இங்க கூடை வரும்.”

சில குரங்குகள் கோபித்துக்கொண்டு போயின. வியாபாரம் படுத்தது. அண்ணாச்சிக்கு அதைவிடப் பெரிய கவலை வேறு. சாப்பிட்டதும் உருளப் போவார், உருண்டாலும் தூக்கம் வராது.

தினை கொண்டுபோன திரவியம் முதல் தடவை திரும்பி வந்து, “ஒண்ணும் முளைக்கல” என்றது. அடுத்த தடவை, “மழை பெஞ்சுது, லேசாப் பச்சை தெரியுது” என்றது. மறுபடி அது தினையோடு போனதும் அலை பெரிதாகிவிட்டது. இரண்டு மாதம், மூன்று மாதம் திரவியத்தைக் காணவில்லை. அண்ணாச்சி தினமும் கடற்கரைக்குப் போய் நின்றார்.

ஒருநாள் தண்ணீரில் அந்தப் பழைய ஓடு தெரிந்தது. முதுகில் சரக்கு இல்லை. அண்ணாச்சி இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி ஓடினார். அன்றைக்குத் தண்ணீர் சில்லென்று இருந்ததாக அவருக்குத் தோன்றவே இல்லை.

“திரவியம்! என்னாச்சு? சொல்லு!”

“மூச்சு வாங்கிக்கிறேன் அண்ணாச்சி.” திரவியம் நிதானமாக மூச்சு வாங்கியது. “புல்லு வந்துருச்சு. பள்ளம் முழுக்க இருக்கு. ஆனா நீங்க கடைசியாப் படுத்த இடத்துல மட்டும் ரொம்ப அடர்த்தி. மேல பறந்து பாத்தா, ஒரு பச்சைக் கரடி காலை நீட்டித் தூங்குற மாதிரியே இருக்காம். அதை மட்டும் யாரும் அறுக்கிறதில்லையாம்.”

“கூடு?”

“நூத்தி மூணு. பொன்முடி கூட்டுக்கு ஆறாவது தடவையில கதிராயி சரின்னு சொல்லிருச்சு.”

“குஞ்சு? குஞ்சு பொரிச்சுதா?”

“அதைக் கேக்காதீங்க. அந்தக் கீச்சுச் சத்தத்துல என் காது இன்னும் அடைச்சுக்கிட்டு இருக்கு!”

அண்ணாச்சி அலையிலேயே தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். மூக்கை உறிஞ்சினார், கண்ணைத் துடைத்தார். முகத்தில் வழிந்தது கடல்தண்ணீர் என்று சொல்லிக்கொண்டார். யாரும் நம்பவில்லை.

மங்களத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. “அண்ணாச்சி! இதையாவது அறிவிக்கட்டுமா? பச்சைக் கரடி, நூத்தி மூணு கூடு! காடே அசந்துரும்!”

அண்ணாச்சி எழுந்து உடம்பை உதறினார்.

“அது அவங்க கதை மங்களம். பறந்து போய் அவங்களைக் கேளு. அவங்க சரின்னு சொன்னா, சொல்லு.”

தூரத்தில் இருப்பவர்களின் பொருளை வாங்கிப் பிழைப்பவர் அவர்களுக்கு நல்லது செய்ய நினைத்தால், வேண்டியது என்ன என்று முதலில் அவர்களையே கேட்க வேண்டும், அந்தப் பொருள் மறுபடி விளையும் வரை பொறுத்திருக்கவும் வேண்டும்.